பத்தொன்பது சென்ரிமீற்றர்

சீ.ஆர். கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
அடிமட்டம் வைத்துப் பென்சிலால்
ஒரு கோடு போட்டேன்.
இடது ஓரத்தில் இன்று.
வலது ஓரத்தில் ஓய்வூதியம் வாங்கும் நான்.
நடுவில் பத்தொன்பது சென்ரிமீற்றர்.

முதல் ஒன்றரைக்குள் பயிற்சி:
சிங்களத்தில் விரிவுரை,
ஆங்கிலத்தில் புத்தகம்,
தமிழில் பயம்.
பிறகு நியமனம். எங்கே போடுவார்களோ.
அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி,
அதன் புள்ளியாவது கொழும்பில் விழட்டும் என்று
கொஞ்சம் அழுத்திக் குத்தினேன்.
ஆறாவது சென்ரிமீற்றரில் தீவிர சிகிச்சைப் பிரிவு.
பத்தில் வாட்டுக்குப் பொறுப்பு.
பதினைந்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
ஒரு பூ வரைந்தேன்.

ஹொஸ்டலில் எல்லோரிடமும் ஒரு கோடு இருக்கிறது.
சந்தமாலியின் கோடு ஜெர்மனிக்குப் போகிறது.
பல் தீட்டும்போதே டெர், டீ, டாஸ் என்று
நுரையோடு துப்புவாள்.
ரிபாயாவுக்கு ஒப்பரேஷன் தியேட்டர்தான் வேண்டுமாம்.
‘அங்கதான் நோயாளி கதைக்கமாட்டார்.’

அம்மா போனில் சம்பளம் கேட்டாள்,
ஓவர்டைம் கேட்டாள்,
இரவு முறைக்கு வாகனம் உண்டா என்றாள்.
அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
‘வெள்ளச் சப்பாத்து மழையில என்ன செய்யும்?’
செட்டியார் தெருவில் நகைக்கடை வாசலில்
பதினொரு வருஷமாக நிற்கிறவர்.
எந்தத் தொழிலையும்
காலிலிருந்துதான் யோசிப்பார்.

செவ்வாய்க்கிழமை.
இருபத்து மூன்றாம் கட்டில், அலோசியஸ்,
முகத்துவாரத்து மீன் வியாபாரி.
பட்டியைச் சுற்றினேன். பம்மை அமுக்கினேன்.
காதில் குழாய்.
முள் ஏறியது, நடுங்கியது, இறங்கியது.
ஒன்றும் கேட்கவில்லை.
மின்விசிறி கேட்டது.
சாப்பாட்டு வண்டியின் ஒற்றைச் சில்லு கேட்டது.
வெளியே பொரளை பஸ் ஒன்றின் ஹோர்ன்.
எல்லாவற்றுக்கும் மேலே, வெட்கமில்லாமல்,
என்னுடைய நெஞ்சு.

விளக்கப்படத்தில் நேற்று நூற்றிருபது, எண்பது.
நேற்றிரவும் நூற்றிருபது, எண்பது.
இன்று காலையும் அதே.
மூன்று கையெழுத்து, ஒரே எண்.
நான்காவதாக நானும் எழுதிவிட்டால்
இந்த வாட்டில் நானும் ஒரு ஆள்.
பேனை முனை தாளைத் தொட்டும் விட்டது,
ஒன்று என்ற எண்ணின் தலை மட்டும்
நீலமாய் நிற்கிறது.

‘மிஸ், எனக்குக் கேக்கல்ல.’
சிங்களத்தில் சொன்னேன்.
அதிலும் ஒரு வினைச்சொல் பிழை.
மிஸ் நிமிரவில்லை.
ஊசியின் காற்றைத் தட்டி வெளியேற்றிக்கொண்டே
‘திரும்பப் பார்’ என்றார், அவ்வளவுதான்.
கேலி செய்யக்கூட அவருக்கு நேரமில்லை.
நாற்பது கட்டில், தரையில் ஒன்பது பாய்.

அலோசியஸ் மற்றக் கையை நீட்டினார்.
‘இது கதைக்கிற கை, மிஸ்ஸி.’
அவருடைய தமிழில் உப்பு இருந்தது.

இரண்டாம் முறையும் இல்லை.
மூன்றாம் முறை,
நூற்று அறுபத்தெட்டில்,
பூட்டிய கதவுக்கு அப்பால்
யாரோ விரல் மடக்கித் தட்டினது போல
டப்.
பிறகு டப். டப்.
தொண்ணூற்றாறில் தட்டினவர் போய்விட்டார்.

எழுதினேன்.
மேலே இருந்த மூன்று வரிகளுக்குப் பக்கத்தில்
அது தவறுபோலவே தெரிந்தது.
மிஸ் வந்தார். தானும் அளந்தார்.
ஒரு சொல் இல்லை.
டொக்டருக்குப் போன் எடுக்கப் போகும்போது
மேசையிலிருந்த என் பேனையைத்தான் எடுத்துப் போனார்.
இன்னும் திருப்பித் தரவில்லை.

இரவு கொப்பியைத் திறந்தேன்.
அழிரப்பரைத் தேடி எடுத்தேன்,
பிறகு எதை அழிப்பதென்று தெரியவில்லை.
தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கட்டும்.
பூவும் இருக்கட்டும்.
இடது ஓரத்தில், முதல் மில்லிமீற்றருக்குள்
அடங்காத எழுத்தில்
நூற்று அறுபத்தெட்டு, தொண்ணூற்றாறு.

சந்தமாலி எட்டிப் பார்த்தாள்:
‘யார்ட நம்பர்?’

சிரித்துக்கொண்டே போய்
சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை அடைத்து
ஜன்னலோரம் வைத்தேன்.
அப்பா கேட்டதற்குப் பதில்:
ஊறிப் போகும்.
விடிய ஆறு மணிக்குள் காய வேண்டும்.
மழையோ
மருதானைப் பக்கமிருந்து
இன்னும் வந்துகொண்டிருக்கிறது.