வெனிஸ்டன் வந்த ஆட்டம்

உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை
முட்டத்தில் நாங்கள்
மீன் ஏலக்கூடத்துச் சுவரில் பார்த்தோம்.
எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும்
சாளை வாசம் போகாத கூடம்.
புரொஜெக்டர் பங்குப்பேரவையிடம் இரவல்.
சுவரில் ஒரு விரிசல்,
அதைத் தாண்டித்தான் நீலச்சட்டைக்காரர்கள்
எதிர்க்கூடைக்கு ஓடினார்கள்.

நீலமா சிவப்பா என்று யாரும் பந்தயம் கட்டவில்லை.
அத்தனை பேரும் பார்த்தது
கூடைக்கம்பத்துக்குப் பின்னால்
சம்மணமிட்டு இருந்த ஒருவனை.
சாம்பல் நிற டீசர்ட், மடியில் நீளத் துடைப்பான்.
ஆட்டக்காரர்களின் வியர்வை விழுந்தால் துடைக்கிற வேலை.
அது வெனிஸ்டன்தானா என்று
முதல் கால்பகுதி முழுக்கச் சண்டை.

"காதப் பாருடே, அவனுக்க காதுதான்"
என்றான் அபிஷ்.
அந்தக் காது
மார்த்தாண்டத்தில் நடந்த மாவட்ட இறுதியில்
என் முழங்கை பட்டுக் கிழிந்தது.
ஒரே அணிதான் நாங்கள்,
ஒரே பந்துக்குக் குதித்தோம்.
நான்கு தையல். ஒரு வாரம் பேசவில்லை.
நாங்கள் தோற்றது அதனால் அல்ல.

கம்பெனியில் கேட்டார்களாம்,
யாருக்குப் பாஸ்கட்பால் தெரியும் என்று.
வலது கையைத் தூக்கினானாம்
இடது கையால் ஆடுகிறவன்.
தூக்கிய கையில் துடைப்பானைக் கொடுத்தார்கள்.

எங்கள் தளம் கோவிலுக்குப் பின்னால்.
மூன்று மணிவரை அதில் நெத்திலி காயும்.
அள்ளிய பிறகும் செதில் கிடக்கும்,
கால் வைத்தால் கடல்வரை வழுக்கலாம்.
ஈரச்சாக்கின் இரண்டு முனையையும் பிடித்து
தினமும் சாயங்காலம் இழுத்தவன் அவன்தான்.
யாரும் இழுக்கச் சொன்னதில்லை,
நன்றியும் சொன்னதில்லை.
வளையம் வருடத்துக்கு ஒன்று துருப்பிடித்து விழும்;
வலைக்கு மட்டும் பஞ்சமில்லை.
மேல்காற்று நாட்களில்
ஒரு முழம் தள்ளி எறியவேண்டும் பந்தை.
வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லமாட்டோம்.

கடிகாரம் கிடையாது.
இருபத்து நான்கு நொடியைக் கிளிட்டஸ் வாயால் எண்ணுவான்.
பந்து எங்கள் கையில் இருந்தால்
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
ஒரு பீடி பற்றவைக்கலாம்.
குளச்சல்காரன் கையில் இருந்தால்
பத்துக்கு அப்புறம் நேராக இருபது.

கடைசிக் கால்பகுதி. ஒரு புள்ளி வித்தியாசம்.
சிவப்பில் ஒரு நெட்டையன்
மோதி விழுந்து, மரத்தரையில்
தன் முதுகை ஈரமாக வரைந்துவிட்டு எழுந்தான்.
விசில்.
வெனிஸ்டன் எழுந்தான்.

ஓடவில்லை, வேகமாக நடந்தான்.
சாக்கு இழுக்கிற அதே குனிவு.
நடுவர் பந்தை இடுக்கிக்கொண்டு நின்றார்.
லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிற பத்து பேர்
இடுப்பில் கைவைத்து நின்றார்கள்
எங்கள் ஊர்க்காரன் துடைத்து முடிப்பதற்காக.
ஏலக்கூடத்தில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

"வீட்டுல ஒரு நாளு தூத்திருக்கானான்னு கேளுங்க"
என்றாள் அவன் மனைவி ஜெசிந்தா.
சிரித்தோம். அவளும் சிரித்தாள், பிறகு
தோளில் தூங்கிய பிள்ளையின் முகத்தைச்
சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

போகிறவன் சட்டென்று குனிந்து
உள்ளங்கையால் தரையைத் தொட்டுப் பார்த்தான்.
அதை அங்கே யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள்.
செதில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற கை அது.
அதற்குள் கேமரா
பயிற்சியாளரின் வழுக்கைத் தலைக்குப் போய்விட்டது.

யார் ஜெயித்தது என்று காலையில் டீக்கடையில்
நாகர்கோவில் பஸ் டிரைவர் கேட்டார்.
நீலம் என்றேன். அபிஷ் சிவப்பு என்றான்.

ஆனால் அதற்கு முன்னால், ராத்திரி ஒன்றரைக்கு
அவன் குரல் வந்தது போனில்.
பின்னணியில் வண்ணக் காகிதங்களைக்
கூட்டி அள்ளுகிற சத்தம்.
"கண்டியளாடே? எவ்வளவு நேரம் காட்டினான்?"

அபிஷ் படம் பிடித்திருந்தான்.
இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம்,
பதினொரு நொடி.
நான் வாய் திறப்பதற்குள்
போனைப் பிடுங்கினான் கிளிட்டஸ்:
"இருபத்து நாலு, மக்கா.
முழுசா இருபத்து நாலு."