படகின் நிலை

பேருந்து நிறுத்த இடம் கேட்டார் ஓட்டுநர்.
பின்பக்கம், பறிமுதல் படகுகளை ஒட்டி
விட்டுக்கொள்ளச் சொன்னேன்.
மண்டபம் வன அலுவலகத்தில்
வேறு நிழல் கிடையாது.

எட்டாம் வகுப்பு, முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
ஒப்புதல் கடிதங்களை ரப்பர் பேண்டு போட்டு
நீட்டினார் இபுராம்சா சார்.
வெயில், அலை, வாந்தி எதுவானாலும்
நானே பொறுப்பு என்று
பெற்றோர் கையெழுத்திட்ட தாள்கள்.
எண்ணிக்கைக்காகத்தான் புரட்டினேன்.

இருபத்தாறாவது தாளில் நின்றுவிட்டது விரல்.
'மு'வின் வால் தேவைக்கு மேல் இழுபட்டு
அடுத்த எழுத்தின் மேல்
கயிறுபோல் விழுந்து கிடந்தது.
இதே கையெழுத்தை ஆடி மாதம்
மகஜரின் ஐந்து பக்கத்திலும்
வாங்கியிருக்கிறேன்,
பேனாவையும் நானே கொடுத்து.

விளக்க மையத்தில் மின்விசிறி ஒன்றுதான் சுற்றியது.
சுவரில் கடற்பசு.
பெயரைச் சொல்ல நான் வாயெடுக்கும் முன்
"ஆவுளியா!" என்றது மொத்த வகுப்பும்.
கையேட்டில் அந்தச் சொல் இல்லை.
நான் தேனிக்காரி,
வேலைக்கு வந்துதான் கடல் பார்த்தவள்.
கச்சான் அடித்தால் எந்தப் பக்கம் கலங்கும் என்று
இன்னும் படகோட்டியிடம்தான் கேட்கிறேன்.

அப்புறம் அந்தக் கண்ணாடி ஜாடி.
மருந்துத் தண்ணீரில் வெளுத்துப்போன கடல் அட்டை.
மனப்பாடமாக ஒப்பித்தேன்:
கடலின் மண்புழு இது,
மணலைத் தின்று மணலைச் சுத்தமாக்கும்,
பிடித்தால் சிறை.
"உயிரோட யாராவது பார்த்திருக்கீங்களா?"

மதுரைப் பள்ளிகள்
"இல்ல மிஸ்" என்று கத்தும் இடம் அது.
இவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்.
"கையில எடுத்தா பயந்து
குடலக் கக்கிரும் மிஸ்.
திரும்பக் கடல்ல விட்டா
புதுக்குடல் வளந்துக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டு முடித்த பிறகுதான்
அந்தக் கேள்வி எந்த அறையில் பழகியது என்று
என் காதுக்கே எட்டியது.

"புக்குல, மிஸ்" என்றான் நம்புகுமார்.
எந்த புக் என்று நான் கேட்கவில்லை.
சரியான விடைக்குப் பச்சைத் தொப்பி ஒன்று உண்டு,
துறையின் முத்திரையோடு.
வாங்கிக்கொண்டான். போட்டுக்கொள்ளவில்லை.

கண்ணாடிப் படகு மூன்று நடை போய் வந்தது.
பாருக்கு மேலே கிளிமீன் கூட்டம் கண்டு
ரிஸ்வானா எழுந்து குதித்ததில்
படகே ஒருபக்கம் சாய்ந்தது.
வாந்தி எடுத்தது ஜெர்சன் மட்டும்.
விசைப்படகுக்காரர் மகனுக்கு வாந்தியா என்று
கரை வரும்வரை சிரித்தார்கள்.

புளிச்சோறு முடிந்ததும் விசில் ஊதி எண்ணினேன்.
முப்பத்தேழு.
சார் எண்ணினார்.
முப்பத்தேழு.

முதலில் கடல் பக்கம்தான் ஓடினோம்.
பிறகு கழிப்பறை, ஜாடி அறை, படகுத்துறை.
கண்டுபிடித்தது நான்.

பேருந்துக்கும் சுவருக்கும் நடுவே,
நீலச்சாயம் உரிந்த வத்தை,
பக்கவாட்டில் நாங்கள் எழுதிய வழக்கு எண்.
அதற்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீரில் நின்று
டிபன் மூடியால் இறைத்துக்கொண்டிருந்தான்.
அவசரமே இல்லை.
தண்ணீரில் ஒன்றிரண்டு பருக்கை மிதந்தது.
எஞ்சின் இருந்த பலகையைத்
தொப்பியால் துடைத்து
அங்கேயே காயப்போட்டிருந்தான்.

வழக்குச் சொத்தைத் தொடக்கூடாது.
அதற்கும் பலகை வைத்திருக்கிறோம்.
விசில் என் வாயில் இருந்தது.

"கட்டை ஊறிப்போயிரும் மிஸ்" என்றான்,
நிமிராமல்.
"இன்னும் கொஞ்சந்தான்."

முப்பத்தெட்டு என்று சாரிடம் சொல்லிவிட்டுப்
பேருந்தின் மறைவில் நின்றேன்,
மூடி தண்ணீரை அள்ளும் சத்தம்
மரத்தைச் சுரண்டும் சத்தமாக மாறும்வரை.

மாதக் கடைசி.
பறிமுதல் பதிவேட்டில்
'படகின் நிலை' என்றொரு கட்டம்.
'மழைநீர் தேங்கியுள்ளது' என்று
மார்கழியில் எழுதியது நான்தான்.
கீழே தை மாதத்துக்கு இடம் இருக்கிறது.
அதே பேனாதான்.
மூடியைத் திறந்து வைத்திருக்கிறேன்.