ஏழாம் தடை, இடப்பக்கம்

ராட்டர்டாம் மைதானத்தில் என் வேலை எளியது:
விழுந்த கம்பை எடுத்துக்
கிண்ணத்தில் திரும்ப வைப்பது.
ஏழாம் தடை, இடப்பக்கத் தூண்,
பத்தொன்பது கோடைகள்.
மற்ற நாட்களில் துறைமுகத்தில் கிரேன்.

கரிய குதிரை, நெற்றியில் மட்டும் வெள்ளை.
கால்வாயில் திரியும் நாமக்கோழியின் பெயரையே
வைத்துவிட்டார்கள்: மேர்கூட்.
அந்த ஆண்டுக் குட்டிகளுக்கெல்லாம்
‘ம’வில் பெயர் வைக்க வேண்டுமாம்,
வேறு தோன்றவில்லை போலும்.

ஏழு வயதில் முதன்முதல் வந்தாள்.
என் கம்பைத் தட்டினாள். நான்கு பிழை.
காதைப் பார், கோவேறு கழுதை என்றான்
எட்டாம் தடைக்காரன்.
கம்பில் ஒட்டியிருந்த ஒற்றை மயிரை
ஊதிவிட்டு ஏற்றி வைத்தேன்.

அதற்குப் பிறகு
அவள் சுற்றில் எனக்கு வேலையே இல்லை.

ஜெனீவாவில் வென்றாள். ஆகனில் மழையில் வென்றாள்.
கால்கரியில் வெள்ளிக் கோப்பைக்குள்
மூக்கை விட்டுத் தண்ணீர் தேடினாளாம்.
எல்லாம் செய்தித்தாளில் படித்தது.
எனக்கு வாய்த்தது வருஷத்துக்கு நான்கு நொடி:
முதலில் குதிகாலில் நிலம் அதிரும்,
பிறகு மூச்சு, துருத்தி மாதிரி,
பிறகு ஒன்றுமே இல்லை,
ஒருவன் தன் கடன்களையெல்லாம்
எண்ணி முடிக்கிற அளவுக்கு ஒன்றுமே இல்லை,
பிறகு முகத்தில் மணல்.

கைதட்டல் சவாரி செய்த ஷுர்டுக்கு.
லாயத்துப் பெண் ஃப்ரௌக்யே
சட்டைப் பையில் காய்ந்த ரொட்டியோடு
வாசலில் நிற்பாள்.
குதிரையைப் பார்க்க மாட்டாள்,
பயம்.
என்னைப் பார்ப்பாள்.
நான் குனியாதவரை எல்லாம் சரி.

பதினேழு வயதில் கடைசியாக வந்தாள்.
பின்னங்குளம்பின் நுனி உரசியது, அவ்வளவுதான்.
கம்பு கிண்ணத்தில் ஆடியது
முன்னே, பின்னே, முன்னே.
தொடக் கூடாது என்பது விதி.
நாற்பது டன் இறக்கும் கைகளை
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.
விழுந்தது.
பத்து வருஷம் கழித்து
அவளுக்காகக் குனிந்தேன்.
நிமிர்ந்தபோது, அங்கே வாசலில்
ஃப்ரௌக்யே போர்வையை விரித்துவிட்டிருந்தாள்.

இந்த மார்ச்சில் ஃப்ரீஸ்லாந்துக்குப் போயிருந்தேன்.
ஈரப் புல்லின் நடுவே ஒரு வேலிக்கம்பு
சாய்ந்து கிடந்தது,
முழங்கால் உயரம்கூட இல்லை.
மேர்கூட் வந்தாள், நின்றாள், முகர்ந்தாள்,
அதைச் சுற்றிக்கொண்டு
நடந்து போனாள்.

பழக்கதோஷம், குனிந்துவிட்டேன்.
‘கிடக்கட்டும், விடு’ என்றாள் ஃப்ரௌக்யே.