ஒன்றரை மில்லிமீட்டர்

தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரி கடக்கும்போதெல்லாம்
என் மானிட்டர் லேசாக நடுங்கும்.
அன்று அதில் தனக்கோட்டியின் கீழ்த்தாடை.
மௌஸால் திருப்பினேன்.
சாம்பல் நிறம், முகம் கிடையாது.
முகம் என் தோளுக்குப் பின்னால் நின்று
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா டாக்டரம்மா, மண்ணு எப்டி கீது?"

எண்ணூரில் பைலிங் ரிக் ஓட்டுகிறவர்.
வின்ச் கைப்பிடி திருப்பியடித்ததில்
வலது கடைவாய்ப்பல் போய்
இரண்டு வருடம் இடப்பக்கமே மென்றிருக்கிறார்.
பல் இருந்த இடத்தில் எலும்பு
திருவொற்றியூர்க் கரைபோல அரித்துக் கிடந்தது.

மேலே கெட்டி, உள்ளே சல்லடை என்றேன்.
அடியில் ஓடும் சிவப்புக் கோட்டைக் காட்டினேன்:
நரம்பு. தொட்டால் கீழுதடு மரத்துவிடும்.

"கேபிளா? அப்ப தள்ளிப் போடு.
மணலியில ஒரு தபா அறுத்துட்டு
மூணு தெருவு கரண்ட் இல்லாம கெடந்துது."

திருகாணியை ஒன்றரை மில்லிமீட்டர் மேலே இழுத்தேன்.
நீளம் குறைத்தேன்.
நாக்குப் பக்கம் இரண்டு டிகிரி சாய்த்தேன்.
மென்பொருள் பச்சை காட்டியது.
பச்சைக்கு என்ன தெரியும்
நாளைக்கு எத்தனை பீடி என்று.
நான் கேட்டேன்.
அவர் லாரியைப் பார்த்தார்.

பிரின்டர் இரவெல்லாம் ஓடி
ஒற்றைத் துளை வைத்த வாய்க்கவசம் ஒன்று ஈன்றது.
அதன் வழியே துளையிட்டபோது
கண் திறந்தே கிடந்தார்,
மோட்டார் சத்தத்தைக் காதால் அளந்தபடி.
மூன்று மாதம் கடிக்கக் கூடாது என்றேன்.
காங்கிரீட்டுக்கே இருபத்தெட்டு நாள்தானே
என்று பஞ்சுக்குள்ளிருந்து முனகினார்.

அப்புறம் வருடா வருடம்,
திருவொற்றியூரில் மாசித் தேர் நிலைக்கு வந்த வாரம்.
நோய்த்தொற்று வருடம் வரவில்லை.
நான்காம் வருடம் ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம்.
சர்க்கரை முந்நூற்றுப் பத்து.
நான் கத்தியது வரவேற்பறை வரை கேட்டதாம்.
அடுத்த முறை வந்தபோது சட்டைப் பையில்
பீடிக்கட்டு இருந்த இடத்தில் குட்டிப் பிரஷ்.

இது பதினோராம் வருடம்.
எக்ஸ்ரேயில் எலும்பு இறங்கியிருப்பது
ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.
முதல் திட்டத்தோடு ஒப்பிடப் பழைய கோப்பைத் தேடினேன்.
திறக்கவில்லை.
அந்த மென்பொருள் செய்த நிறுவனமே இப்போது இல்லை.
டிகிரி, நீளம், சிவப்புக் கோடு எல்லாம் போயிற்று.
மிச்சமிருக்கும் ஒரே நகல்
அவர் வாயில்.

"கம்ப்யூட்டருக்குப் பல்லு கொட்டிச்சா?"
சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்:
"நாலாயிரம் பைலு எறக்கிக்கீறேன்.
ஒண்ணக்கூட எவனும் திரும்பி வந்து பாக்கல.
நீதான் வருசா வருசம் தட்டிப் பாக்கற."

கண்ணாடியின் கைப்பிடியால் தட்டினேன்.
ணங்.

ரசீது வாங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு,
கதவில் கை வைத்த பிறகுதான் சொன்னார்,
மேலே இடப்பக்கம் ஒன்று
ஆறு மாதமாய் ஆடுகிறதாம்.