நாற்பதாயிரம் மடிப்பு

பாக்கிங் செக்‌ஷனில் அந்த ஊருக்குப் பெயர் பிரம்மாசனம்.
பெட்டியில் அச்சிட்டிருப்பது பிர்மாசென்ஸ் என்று
பதினொரு வருடம் கழித்து
ஒரு டாக்சிக்காரர் திருத்தினார்.
அதுவரை மாதம் இரண்டு கண்டெய்னர்
பிரம்மாசனத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.
ஒன்றும் வழி தவறியதில்லை.

நான்தான் தவறிக்கொண்டே இருந்தேன்.
முதல் முறை, பாஸ்போர்ட்டில்
இனிஷியலை விரித்து எழுதாததால்.
இரண்டாம் முறை டிக்கெட் கைக்கு வந்த வாரம்
உலகமே கதவைச் சாத்திக்கொண்டது.
அடுத்த முறை முதலாளியின் மைத்துனர் போனார்,
லேபுக்கு ஒரு சாவிக்கொத்து வாங்கி வந்தார்.
பிறகு பெனினாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.
பிறகு யாரும் கேட்கவில்லை,
நானும் ஞாபகப்படுத்தவில்லை.

எங்கள் ஆம்பூர் லேபில் ஒரு மெஷின் உண்டு.
காலில்லாத ஷூவை அதில் மாட்டிவிட்டால்
மடக்கும், நீட்டும், மடக்கும், நீட்டும்,
நாற்பதாயிரம் முறை.
தோல் வெடிக்கிறதா என்று
நைட் ஷிஃப்டில் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.
ஓர் அங்குலமும் நகராத அந்த ஷூ
நிஜமாகவே நடந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்று
ஒருநாள் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன்.
வேலூர்க் கோட்டை வரை வந்தது.
அகழியோரம் நடக்கக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

நவம்பரில் போனேன்.
காலில், செகண்ட்ஸ் கடையில் வாங்கிய முப்பத்தேழாம் சைஸ்.
இடது குதிகாலில் ஒரு தையல் விட்டுப்போய்
கப்பல் ஏறாமல் நின்ற ஜோடி.
இரண்டு பேரும் சேர்ந்துதான் இமிகிரேஷனைத் தாண்டினோம்.

"மிசஸ் தேவசகாயம்" என்று கூப்பிட்டார்கள் ரிசப்ஷனில்.
யாரோ அப்பாவைத் தேடுகிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தேன்.
பேரணாம்பட்டில், சுண்ணாம்புத் தொட்டியில்,
முழங்கால் வரை நின்ற மனிதரை
வாழ்நாளில் ஒருவரும்
இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.
எழுந்து போனேன்.

வேலை இருபது நிமிடம்.
இரண்டு ரிப்போர்ட், ஒரு கையெழுத்து.
"அன்புள்ள எஸ்தர், மூன்றாம் வரிசைத் தையல்
மறுபடியும் தளர்வு" என்று
பதினொரு வருடம் மெயில் போட்ட கெஸ்லர்
ஆகஸ்டிலேயே ஓய்வு பெற்றிருந்தார்.
எனக்கென்று ஒரு காகிதம் விட்டுப்போயிருந்தார்:
மூன்றாம் வரிசை இப்போது சரியாக இருக்கிறது.
பக்கத்து அறையில் அதே மெஷின்.
அதே சத்தம்,
எண்ணெய் போடச் சொல்லி முனகும் அந்த ஒரு முனகல் உட்பட.

இங்கே எத்தனை கம்பெனி என்று கேட்டேன்.
கெஸ்லர் இடத்தில் இருந்த பையன் ஜன்னலைக் காட்டினான்.
நாலு மாடிச் செங்கல் கட்டடம்.
முன்பு ஷூ கம்பெனி, இப்போது குடித்தனங்கள்,
எல்லாம் உங்கள் பக்கம் வந்துவிட்டதே என்றான்.
குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் இல்லை.
ஒவ்வொரு ஜன்னலிலும் திரைச்சீலை.
எங்கள் ஹைவே ஓரத்துக் கட்டடங்களுக்கு
மனதுக்குள் ஒரு நிமிடம்
திரைச்சீலை மாட்டிப் பார்த்தேன்.
எந்த நிறமும் பொருந்தவில்லை.

சாயங்காலம் சும்மா நடந்தேன்.
மேடு, இறக்கம், திரும்பவும் மேடு.
ஊரைப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள்,
கால்களைத்தான் பார்த்தேன்.
பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி.
மாடல் 4471, கறுப்பு.
வரிசை முடிகிற இடத்தில்
அரைத் தையல் பின்னால் இழுத்து முடிப்பாளே
ஆறாம் லைன் ஃபர்ஹானா,
சூப்பர்வைசர் எத்தனை திட்டியும் விடாமல்,
அதே அரைத் தையல்.

சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.
எந்த பாஷையில், எங்கிருந்து ஆரம்பித்து?
என் பார்வையைக் கண்டுகொண்ட அவர்
கால்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மழை பிடித்தது. பஸ் வந்தது.
குட்டையில் ஒரு கால் வைத்துத்தான் ஏறினார்.
அவருக்கு உள்ளே நனைந்திருக்காது.

எனக்கு நனைந்தது,
இடது குதிகாலில்.