ஓடாதபோது எவ்வளவு

கூத்தாநல்லூரில் மதியம் இரண்டரைக்கு
மின்சாரம் திரும்பியது.
மாடியறையில் மேஜை கிடையாது,
கழற்றிய கதவு ஒன்றை இரண்டு ஸ்டூலில் கிடத்தி
அதன்மேல் ஒன்றரை மீட்டர் தண்டவாளம்.
தாழ்ப்பாள் இன்னும் அதிலேயே இருக்கிறது.

பினாங்கிலிருந்து மச்சான் கொண்டுவந்த பெட்டியில்
மூன்று டீசல், ஒரு நீராவி.
பிஸ்கட் தூளும் கூடவே வந்தது.
ஓர் அச்சில் சுற்றியிருந்த முடியை
ஊசியால் எடுக்க ஒரு மணி நேரம்.
நீளமான நரைமுடி.
அங்கே யாரோ இவற்றைத்
தரைவிரிப்பில் ஓட்டியிருக்கிறார்கள்.

டிகோடர் ஒன்று இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
கட்டைவிரல் நகத்தளவு.
ஒரு ஆம்பியர் தாங்குவேன் என்கிறது அட்டை.
அதைத் தாண்டினால்
புகையை நாம் பார்ப்பதற்குள் அது போய்விட்டிருக்கும்.
ஆகவே முதலில்
பழைய குமிழ், பழைய பன்னிரண்டு வோல்ட்.

மஞ்சள் டீசல் முன்னும் பின்னும் ஓடியது.
துடைத்த பஞ்சில்தான் அத்தனை கறுப்பு.
நீலத்துக்கு ஆறு சக்கரத்தில் நான்குதான் மின்சாரம் எடுக்கின்றன,
இணைப்புகளில் நின்று யோசிக்கிறது.
சிவப்பின் மோட்டாருக்கும் சட்டத்துக்கும் நடுவே
மீட்டரின் முனைகளை வைத்தேன்:
பீப்.
சத்தமே வரக்கூடாத இடம்.
நல்லவேளை, இப்போதே சொன்னது.

நீராவிதான் நால்வரில் அழகு.
ஊர்ந்தால்கூட நடுங்காது.
மேற்கூரையில் தேய்ந்த பச்சை.
முதல் டிகோடர் இதற்கென்று
மனதுக்குள் எப்போதோ எடுத்துவைத்திருந்தேன்.

மீட்டரைத் திரும்ப வாங்க வேதரத்தினம் வந்தார்.
லெட்சுமாங்குடியில் மோட்டார் வைண்டிங் கடை.
வாய்க்காலில் தண்ணீர் வந்து ஒன்பது நாள்,
எரிந்த மோட்டார்கள் அவர் வாசற்படிவரை நிற்கின்றன.
நிற்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

"ஓடும்போது எவ்வளவு?"
"கால் ஆம்பியர்."
"ஓடாதப்போ?"

விளக்க வந்தவனை அவர் கேட்கவில்லை.
போரில் சேறு கவ்விய பம்ப்
என்ன இழுக்கும் என்று அவருக்குத் தெரியும்.
குமிழை முழுக்கத் திருப்பச் சொல்லி
பெருவிரலைக் கூரையில் வைத்து அழுத்தினார்.
மஞ்சள்: பூஜ்யம் புள்ளி ஆறு.
நீலம்: புள்ளி எட்டு.
சிவப்பு, காகிதம் செருகிய பிறகு, புள்ளி ஏழு.
ஒவ்வொன்றும் இரண்டே விநாடி.

நீராவி: ஒன்று புள்ளி ஏழு.

இன்னொரு தடவை பார்த்தோம்.
ஒன்று புள்ளி ஏழு.

புது டிகோடர் எல்லாவற்றுக்கும் எண் மூன்றுதான்.
வாங்கியவர்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.
இனி தண்டவாளத்தில் மின்சாரம் எப்போதும் இருக்கும்,
எண்ணைக் கூப்பிட்டால்தான் ஒருவர் கிளம்புவார்.
நோட்டில் எழுதினேன்:
மஞ்சள் பதினொன்று. நீலம் இருபத்திரண்டு. சிவப்பு நாற்பது.

"இதுக்கு?"
"இதுக்கு நம்பர் வேணாம்.
கரண்டு வந்தா ஓடும், போனா நிக்கும்."
"எங்க ஆளுங்க மாதிரி," என்றார்.

பிறகு கேட்காமலே
மூன்றாவது முறையும் விரலை வைத்தார்.
முள் ஏறியது.
இவ்வளவூண்டுக்குள்ளேயா, என்று
மீட்டரிடம் சொன்னார்.

கீழே பைக் ஹாரன்.
யாரோ மோட்டார் கேட்டு இங்கேயே வந்துவிட்டார்கள்.
அவர் திரும்பினார்,
விரல் எழுந்தது,
குமிழைக் குறைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

தாழ்ப்பாளுக்கு நாலு விரல் முன்னால்
பிடித்துவிட்டேன்.
சூடாக இருந்தது.