இரண்டு பக்கங்களுக்கு மிகாமல்

"இந்தப் பருவத்தில் ஓர் எழுத்தாளராக
நீங்கள் எவ்வாறு வளர்ந்தீர்கள்?
இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் எழுதுக."

எதை வைத்து அளப்பது?
டுலூத்துக்கு வந்து இறங்கியபோது ஐந்தடி நாலங்குலம்.
இன்றும் அதேதான்.
ஏரிக்காற்றில் உதடு வெடித்திருக்கிறது,
அது புதிது.

செப்டம்பரில் என் முதல் கட்டுரை
இப்படித் தொடங்கியது:
"மனித குலம் தோன்றிய நாள்தொட்டு
உழைப்பே உலகைத் தாங்கி நிற்கிறது."
நான்கு பக்கம்.
அதில் ஒரு மனிதர்கூட இல்லை.
'ஆகவே' மட்டும் பதினொன்று.
பள்ளியில் இப்படி எழுதித்தான் கோப்பை வாங்கினேன்.
இங்கே, ஓரத்தில், பென்சிலில் ஒரே சொல்:
"யார்?"

ஒரு வாரம் அந்தச் சொல்லோடு பேசவில்லை.
உணவுக்கூடத்தில் எச்சில் தட்டுகளை
இயந்திரத்துக்குள் அடுக்கும்போதெல்லாம்
நீராவிக்குள்ளிருந்து அது கேட்டது,
யார், யார் என்று,
தூக்கம் வராத ஆந்தை மாதிரி.

அக்டோபரில் அப்பாவை எழுதினேன்.
வேலை போன மார்ச் மாதம்.
இரும்புச் சுரங்கத்திலிருந்து கடிதம் வந்த சாயங்காலம்.
"அவர் கண்ணீர் ஆறாய்ப் பெருகியது"
என்று முடித்தேன்.
திரும்பப் படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது.
அருமை, என்று நினைத்துக்கொண்டேன்.

மாய் யீ அதைச் சலவை அறைத் தரையில்
சம்மணமிட்டுப் படித்தாள்.
செயின்ட் பால்காரி. கணக்குப் படிக்க வந்தவள்.
கட்டாயப் பாடம் என்பதால் எங்கள் வகுப்பில் இருப்பவள்.
அவள் துணி சுழன்று முடிய
பதினெட்டு நிமிடம் பாக்கி இருந்தது.
"நிஜமாகவே அழுதாரா?"
இல்லை.
"பின்னே என்னதான் செய்தார்?"

என்ன செய்தார்.
கொட்டகையிலிருந்து காபித் தகர டப்பாவை எடுத்து வந்தார்.
சமையலறை மேசைமேல் கவிழ்த்தார்.
திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்தார்
இரவு ஒரு மணி வரை.
மரை தேய்ந்தவற்றைத் தனியே வைத்தார்,
எறியவில்லை.
அம்மா படுக்கப் போகும்போது
விளக்கை அணைக்காமல் போனாள்.

"இதை ஏன் எழுதவில்லை?"
இதில் ஒன்றுமே இல்லையே, என்றேன்.
இயந்திரம் மணியடித்தது.
அவள் காலுறைகளுக்கு ஜோடி தேடப் போய்விட்டாள்.

அன்றிரவு ஆற்றை எடுத்தேன்.
எடுத்த இடத்தில் பல் பிடுங்கிய குழி;
நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது.
திருகாணி என்று எழுதினேன்.
எத்தனை?
தெரியவில்லை. வீட்டுக்கு அழைத்தேன்.

"அந்த டப்பாவில் எத்தனை இருந்தது?"
பின்னால் வானொலியில் யாரோ கோல் போட்டார்கள்.
"எதற்கு, ஐலா?"
"பாடத்துக்கு."
"அதையெல்லாம் யார் எண்ணினார்கள்," என்றார்.
பாத்திரம் ஒன்று நகரும் சத்தம்.
பிறகு:
"பித்தளை மட்டும் நாற்பத்தொன்று."

நவம்பரில் அது திரும்பி வந்தது.
பி மைனஸ்.
கடைசிப் பத்திக்கு மூன்று வரி முன்பாக
ஒரு பென்சில் கோடு: "இங்கேயே முடிந்துவிட்டது."
உண்மைதான்.
நாற்பத்தொன்றுக்குப் பிறகு
உழைப்பின் மேன்மை பற்றி
ஒரு பத்தி சேர்த்திருந்தேன்.
பழைய கோப்பையின் ஞாபகம்.

ஆகவே
(பன்னிரண்டாவது; இதை மட்டும் விட்டுவிடுங்கள்)
வளர்ந்தேனா என்று தெரியவில்லை.
இரண்டாம் பக்கம் இன்னும் காலி.
ஜன்னலுக்கு வெளியே தாதுக் கப்பல் ஒன்று
துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது.
வந்த புதிதில், இதே சத்தத்தை
"சோகமாக ஊதியது" என்று குறித்து வைத்திருக்கிறேன்.
இன்று கேட்டது இது:
நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.
தூக்குப் பாலம் அதையே திருப்பிச் சொன்னது,
நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு.
சோகம் இருந்ததா என்பதை
நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த பி மைனஸ் விஷயமாக
செவ்வாய்க்கிழமை வருகிறேன்.
கடைசிப் பத்தியை எடுத்துவிட்டேன்.